பதினான்காவது கட்டுரை

சுவிஸில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் சிலர் சேர்ந்து தங்கள் அனுபவக் கட்டுரைகளைத் தொகுப்பாகக் கொண்டுவரப் போகிறார்கள். போன மாதம் பேர்னில் ஒரு கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அன்ரி, எங்களுக்கு முதல் எழுதின பொம்பிளையளின்ர புத்தகங்கள் எல்லாம் உங்கட கையாலதானே போனது. அதைப் பற்றி ஏதாவது எழுதித் தாங்கோ" என்றார்கள்.

கையால் போனது உண்மைதான். ஒன்பது பெண்கள் தங்கள் வாழ்க்கையை எழுத, நான் தட்டச்சு செய்தேன். ஒன்றிலும் என் பெயர் இல்லை. முன்பு அது எனக்கு மனக்குறையாக இருந்தது. இப்போது, அதில் ஒரு புத்தகத்திலாவது என் பெயர் இல்லாமல் போனதே நல்லது என்று நினைக்கிறேன். அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இனி யாருக்குப் பயம்?

யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிகள் தட்டச்சு செய்து பழகியவள் நான். இங்கே வந்து நாலு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தைத் துடைத்தேன். சோலோதுர்னில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு நிலவறையில் எங்கள் ஆள் ஒருவர் அச்சகம் தொடங்கியிருக்கிறார், தமிழ் தட்டச்சுத் தெரிந்தவர் தேவையாம் என்று கேள்விப்பட்டுப் போனேன். இராசநாயகம் அண்ணை ஒரு கலியாணக் கார்டை என் கையில் தந்து, "இதில எத்தினை பிழை?" என்றார். ஏழு என்றேன். "எட்டு. மாப்பிள்ளையின்ர பேரும் பிழை. அது உமக்குத் தெரிய ஞாயமில்லை" என்றார். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். இருபத்தாறு வருடம் அங்கேயே இருந்துவிட்டேன்.

அண்ணை சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிழை கண்டால் அந்த வரியின் மேல் பென்சிலைக் குறுக்காக வைத்துவிட்டு யன்னலைப் பார்ப்பார். நிலவறை யன்னலில் தெரிவது தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகள் மட்டும்தான். நான் பிழையைக் கண்டுபிடிக்கும் வரை சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை ஒரு பெண் தன் புத்தகத்தில் 'மாமியை நான் வெறுத்தேன்' என்று எழுதியிருந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. 'மாமியோடு எனக்கு ஒத்துவரவில்லை' என்று மாற்றித் தட்டிவிட்டேன். பென்சில் வந்து குறுக்கே படுத்தது. இலக்கணம், எழுத்து என்று நான் தேடாத இடமில்லை. கடைசியில் அவரே சொன்னார்: "எழுத்துப் பிழையைத்தான் தங்கச்சி நாங்கள் திருத்தலாம். அவ வெறுத்ததைத் திருத்தேலாது."

இரண்டாவது திருத்தப்படியை நாங்கள் இருவருமாக வாசிப்போம். அவர் உரத்து வாசிப்பார், நான் கையெழுத்துப் பிரதியில் விரல் வைத்துத் தொடர்வேன். நிறுத்தக்குறிகளையும் விடமாட்டார். 'நான் அன்று அழுதேன் முற்றுப்புள்ளி அம்மாவும் அழுதா காற்புள்ளி' என்று வானொலிச் செய்தி மாதிரிப் போகும். நான் சிரித்தால் அந்தப் பக்கத்தை முதலில் இருந்து தொடங்குவார். பிள்ளைப்பேறு, மாதவிலக்கு என்று பக்கம் திரும்பினால் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தங்கச்சி, இதை நீரே வாசியும்" என்று தேத்தண்ணி வைக்க எழும்பிவிடுவார். சில புத்தகங்களுக்கு நாங்கள் நிறையத் தேத்தண்ணி குடித்தோம்.

வாசித்து முடிந்ததும் எழுதியவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். 'இதை இப்படியே அச்சடிக்கலாம்' என்று அவர் ஒப்புக்கொள்ளும் தாள் அது. சுவிஸ்காரர் 'குட் சும் ட்ருக்' என்பார்கள். அண்ணை அதைப் பச்சைத் தாளில் அடித்து வைத்திருந்தார். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகு ஒரு காற்புள்ளியையும் தொடக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

எங்கள் பெண்கள் வெள்ளைத் தாளில் எழுதமாட்டார்கள். வேலை நேர அட்டவணையின் பின்பக்கம், பள்ளிக்கூடத்துக் கடிதத்தின் பின்பக்கம், கிழித்து விரித்த கடித உறை என்று வரும். எழுதத் தொடங்கினால் முதலில் தகப்பனார், பிறகு தமையன்மார், பிறகு கணவர். தன்னிடம் வந்து சேர்வதற்குள் பாதிப் புத்தகம் போய்விடும். யாரையாவது மறைத்து எழுத வேண்டுமென்றால் 'ச என்ற அக்கா' என்று போடுவார்கள். புத்தகம் வெளிவந்த அன்று பின்னேரமே சுவிஸ் முழுக்க அந்த அக்காவின் வீட்டு இலக்கம் வரை தெரிந்திருக்கும். நான் பகிடி பண்ணுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கிறுக்கல்களை வாசித்து வாசித்துத்தான் இந்த நாட்டில் நான் தனியாக இல்லை என்று எனக்கு விளங்கியது.

ஆனால் புத்தகம் அச்சகத்துக்குச் சோறு போடாது. சோறு போட்டது கல்வெட்டு. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டின்போது கையில் தருகிற நினைவுமலரைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல். கல்வெட்டில் பெண்களுக்கு அரைப் பக்கம் போதும். பிறந்தார், படித்தார், மணந்தார், பிள்ளைகளைப் பெற்றார், 'அன்பின் உறைவிடமாகத் திகழ்ந்தார்'. இந்த வரியை என் விரல்கள் தாமாகவே அடிக்கும். செத்தவீட்டுக்காரர் சொல்வதை அப்படியே போடுவதுதான் கல்வெட்டின் முறை. துக்கத்தோடு வந்து நிற்பவரிடம் 'ஏலாது' என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

சிவகாமி அக்கா சோலோதுர்ன் ஆஸ்பத்திரியில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்தவர். எழுதின தாள்களெல்லாம் வார்டுகளில் இருந்து துணிகளோடு வரும் பட்டியல்களின் பின்பக்கம். அதையெல்லாம் பிறகு ஒரு கொப்பியில் அழகாகப் படியெடுத்துக்கொண்டு வந்தார். பதினான்கு கட்டுரைகள். தகப்பனாரில் தொடங்கவில்லை, கணவரில் தொடங்கவில்லை. முதல் கட்டுரையின் முதல் வரியிலேயே 'எனக்குக் கோபம் வந்தது' என்று இருந்தது. அண்ணை அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல புத்தகம் கிடைத்துவிட்டது என்று இருவருக்கும் தெரிந்தது.

ஒரு பனிக்காலம் முழுவதும் வியாழக்கிழமைகளில் காலைமுறை வேலை முடித்து வருவார். மருந்துத் தண்ணீரில் ஊறி உரிந்த கைகளை மேசையின் கீழ் மறைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருப்பார். நான் வாசிக்க, அவர் திருத்துவார். எனக்குச் சொந்த அக்கா இல்லை. வியாழக்கிழமை வருகிறதென்றால் புதன்கிழமையே நான் நல்ல சட்டையை எடுத்து வைப்பேன். இதை இன்றுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

பதினான்காவது கட்டுரையின் பெயர் 'கூரில் பதினொரு மாதம்'. மகள் ஆரணிக்கு ஏழு வயதாக இருந்தபோது, அக்கா கணவரையும் மகளையும் சோலோதுர்னில் விட்டுவிட்டு மலைப்பக்கத்துக் கூர் நகரத்துக்குப் போய் ஒரு ஹொட்டலில் வேலை செய்தார். தனியாக ஓர் அறையில் இருந்தார். அடி உதை ஒன்றும் இல்லை. வேறு ஆளும் இல்லை. களைத்துப் போனார், போனார். பதினொரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் கட்டுரையை அடிக்கும்போது என் வேகம் குறைந்துவிட்டது. மற்ற எதையும் நான் அப்படி மெதுவாக அடித்ததில்லை. அப்போது எனக்கு வீட்டில் மாமனார், மாமி, மூன்று பிள்ளைகள், இரண்டு அறை. எனக்கும் ஒரு கூர் வேண்டும் என்ற ஆசை வந்தது. என் ஆசையைப் பார்த்து நானே பயந்தேன்.

அதைத் திருத்தும் நாளில் அக்கா, "மலர், இதை மட்டும் நான் வாசிக்கிறன். நீர் கொப்பியைப் பாரும்" என்றார். அண்ணை கேட்காமலே தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார். அக்கா கடைசி வரி வரை வாசித்தார்.

"இது கிடக்கட்டுமோ, மலர்?"

"கிடக்கட்டும் அக்கா."

"இந்தப் புத்தகம் ஆருக்கெண்டு நினைக்கிறீர்? ஊருக்கில்லை. என்ர மகளுக்கு. அவள் ஒரு நாளும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. இதை வாசிச்சாளெண்டால் விளங்கிக்கொள்ளுவாள்."

பச்சைத் தாளில் கையெழுத்து வைத்தார். அட்டைக்குரிய தடித்த தாள் வரப் பத்து நாளாகும் என்றோம். பரவாயில்லை என்று போனார். எட்டாவது நாள் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார்.

செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள் கணவர் வந்தார். சவரம் செய்யாத முகம். அக்காவின் கொப்பியை மார்போடு அணைத்து வைத்திருந்தார். புத்தகத்தை அந்தியேட்டிக்குக் கல்வெட்டாகக் கொடுக்க வேண்டும், முன்னால் படமும் தேவாரமும் பின்னால் நன்றியும் சேர்க்க வேண்டும் என்றார். மனைவி எழுதினது அவருக்குப் பெருமைதான். "ஆரும் இப்பிடிக் கல்வெட்டுக் குடுத்திருக்கமாட்டினம்" என்று சொல்லிக்கொண்டே திருத்தப்படியைப் புரட்டினார். கடைசிக் கட்டுரைக்கு வந்ததும் நின்றபடியே வாசித்தார். பிறகு கதிரையில் இருந்து வாசித்தார்.

"இது வேண்டாம்" என்றார். "அவ கூரில படிப்புக்கு நிண்டவ எண்டுதான் எல்லாருக்கும் சொன்னனான். மகளுக்கும் அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன். பத்தொன்பது வயசுப் பிள்ளை. சாப்பாட்டுப் பந்தியில இருந்து சனம் இதை வாசிச்சால் அவள் எங்க முகம் குடுப்பாள்?"

அண்ணை பச்சைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "அவ கையெழுத்து வைச்சிட்டா. அவவைக் கேக்காமல் எடுக்கேலாது."

"அவவை நான் எங்க போய்க் கேக்கிறது அண்ணை?"

அந்த மனிசன் மேசையில் தலையை வைத்து அழுதார். பொல்லாதவர் என்று நினைக்க வேண்டாம், அவர் அப்படி இல்லை. அண்ணை பச்சைத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"தங்கச்சி, அவவோட இருந்து செய்தது நீர். நீர் சொல்லும்."

அக்கா யாருக்காக எழுதினார் என்று எனக்குத் தெரியும். அவரிடம் நான் சொன்ன வார்த்தையும் தெரியும். ஆனால் என் முன்னால் நின்றது செத்தவீடு. புத்தகம் கல்வெட்டாக மாறின அந்த நிமிடமே, அது எழுதியவருடையது இல்லை, வீட்டாருடையது என்று என் புத்தி திரும்பிவிட்டது. மகளையும் நினைத்தேன். தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கு மேலும் ஒரு அடி வேண்டாம் என்று நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது. அந்தக் கட்டுரை இனி என் கண்ணில் படாது என்பது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.

"எடுப்பம் அண்ணை" என்றேன்.

எடுப்பது லேசான வேலை இல்லை. பொருளடக்கத்தில் பதினான்காவது வரியை நீக்கினேன். பக்க எண்களை மாற்றினேன். ஆறாவது கட்டுரையில் 'கூரில் இருந்தபோது' என்று ஓர் இடம் வந்தது. அதை 'அந்த நாட்களில்' என்று ஆக்கினேன். மாமியை வெறுத்ததைத் திருத்தப் போய்ப் பட்ட வெட்கம் அப்போது நினைவுக்கு வந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை. கணவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, கணினியிலும் இருக்கக் கூடாது என்றார். அழித்தேன். திருத்தப்படித் தாள்களை வெட்டும் இயந்திரத்தில் போட்டேன். ஒரு பிரதி வைத்திருக்கலாம். ஒரு நிமிடம் போதும். வைக்கவில்லை. கொப்பியை அவர் கொண்டு போனார்.

அண்ணை என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் என்னோடு கல்வெட்டு எதையும் வாசிக்கவில்லை. அதைத் தனியே நான் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பதின்மூன்று கட்டுரைகளோடு வந்த அந்தக் கல்வெட்டை எல்லோரும் மெச்சினார்கள்.

அது நடந்து பன்னிரண்டு பதின்மூன்று வருடம் இருக்கும். போன இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை என் வீட்டு மணி அடித்தது. அக்காவின் நெற்றியோடு ஒரு பெண் நின்றாள்.

ஆரணி இப்போது ஷாஃப்ஹவுசனில் தாதியாக வேலை செய்கிறாள். அப்பா போன வருடம் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். வீட்டை ஒழித்துக் கொடுக்கும்போது அம்மாவின் கைப்பையில் ஒரு துண்டு கிடைத்ததாம். ஆஸ்பத்திரித் துணிப் பட்டியலின் பின்பக்கம், அக்காவின் கையெழுத்தில் கட்டுரைகளின் பெயர்கள். அதை என் மேசையில் விரித்தாள்.

"இதில பதினாலு இருக்கு அன்ரி. கல்வெட்டில பதின்மூண்டுதான். அச்சகத்தில விசாரிச்சன், நீங்கள்தான் அடிச்சனீங்கள் எண்டு சொன்னவை."

"அப்பாட்டைக் கேட்டனீரோ பிள்ளை?"

"கேட்டன். சாம்பலோட சேர்த்துக் கொப்பியையும் ஆரே ஆத்தில விட்டிட்டன் எண்டார். அம்மாவின்ரதானே, அம்மாவோடயே போகட்டும் எண்டு."

எங்கேயோ ஒரு பிரதி இருக்கும் என்று அவள் நம்பி வந்திருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"ஏன் எடுத்தனீங்கள்?"

"உமக்காகத்தான் எடுத்தன் பிள்ளை. நீர் தாங்கமாட்டீர் எண்டு."

"அம்மா அவுஸ்பில்டுங், தொழிற்படிப்பு, செய்யப் போனவ எண்டு அப்பா சொன்னவர். நான் நம்பேல்லை. எனக்கு அப்ப ஏழு வயசு, ஒவ்வொரு நாளும் படுக்கையில மூத்திரம் போவன். அம்மா ஆஸ்பத்திரியிலயும் துணி தோய்ச்சு, வீட்டுக்கு வந்தும் என்ர துணியைத் தோய்ப்பா. அதாலதான் போனவ எண்டு நினைச்சன். இண்டைக்கும் அப்பிடித்தான் நினைக்கிறன்."

அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் எதைக் கத்தரித்தேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் கையைப் பிடித்தேன். உரிந்த கை. தாதிமாரும் நாள் முழுக்க மருந்து போட்டுக் கழுவுகிறார்கள்தானே.

"அதைப் பற்றி ஒரு வரியும் அதில இல்லை" என்றேன். "களைச்சுப் போனன் எண்டு எழுதினவ. உம்மில களைச்சதெண்டு எழுதேல்லை. ஞாயிற்றுக்கிழமையில தெருவில இருக்கிற ரெலிபோன் கூட்டிலிருந்து போன் எடுக்கிறவ. உமக்கு என்ன கதைக்கிறதெண்டு தெரியாதாம். நீர் போனை ரீவிக்குப் பக்கத்தில வைச்சிட்டுக் கார்ட்டூன் பாப்பீராம். அம்மா அங்க நிண்டபடி அதைக் கேப்பாவாம். நீர் சிரிக்கிற இடத்தில தானும் சிரிப்பாவாம். 'நாங்கள் இருவரும் சேர்ந்து படம் பார்த்தோம்' எண்டு எழுதியிருந்தா."

ஆரணி வாயைப் பொத்திக்கொண்டாள். போனை ரீவிக்குப் பக்கத்தில் வைத்தது அவளுக்கு நினைவிருந்தது. அம்மா அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டுப் போயிருப்பா என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாளாம்.

பிறகு எனக்கு நினைவில் இருந்ததையெல்லாம் சொன்னேன். அறையைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை லீவில் ஒன்பது மணி வரை படுத்திருந்ததைச் சொன்னேன். ஒரு பீச் பழம் வாங்கி யாருக்கும் பங்கு வைக்காமல் தின்றதையும், நடுத்தெருவில் கார்களோடு கார்களாக ஓடும் சிவப்பு ரயிலைப் பார்த்துக்கொண்டு வேலையில்லாமல் நின்றதையும் சொன்னேன்.

"ஏன் திரும்பி வந்தவ?"

அது கடைசிப் பக்கத்தில் இருந்தது. இருந்தது என்று தெரியும். அக்கா வாசிக்க நான் கேட்டேன். என் பத்து விரலும் அதை அடித்திருக்கின்றன. ஆனால் எவ்வளவு முட்டிப் பார்த்தும் ஒரு சொல் வரவில்லை. 'உமக்காகத்தான் வந்தவ' என்று சொல்லிவிடலாம். அவள் நம்பியிருப்பாள். அதுவே உண்மையாகவும் இருக்கலாம்.

"எனக்கு ஞாபகமில்லை பிள்ளை" என்றேன். "நான் அழிச்சுப்போட்டன்."

இந்த உலகத்தில் எனக்கு இப்போது வேண்டியது அந்த ஒரு பக்கம்தான். வியாழக்கிழமைகளில் நான் இன்னும் அதைத்தான் நினைவில் தேடுகிறேன்.

ஆரணி தலையை ஆட்டினாள். எழும்பிப் போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை மடித்துச் சோபாவில் சாய்ந்துகொண்டாள்.

"அம்மா அங்க சந்தோஷமா இருந்தவவோ?"

"ஓம்."

"நான் ஒரு நாளும் அவவைச் சந்தோஷமாக் காணேல்லை அன்ரி. அந்த அறையை இன்னொருக்காச் சொல்லுங்கோ. முதல்ல இருந்து."

முதலில் இருந்து சொன்னேன். கூரையின் கீழே ஒரு சின்ன அறை. ஒரு கட்டில். ஒரு சாவி. அந்தச் சாவி அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது.